ஒரு விரல் உயரம்

"டங்!"

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து மாமியார் ஓடி வந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா, பிழிந்த துணியும் கையுமாகக் கீழே இறங்கினாள்.

ஷெட்டுக்குள்ளே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கூரை, ஷெட் வாசலுக்கு மேலே குறுக்கே ஓடும் பீமில் முட்டி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து லேத்துக்காரன் முழித்துக்கொண்டிருந்தான். முழி என்றால் அப்படி ஒரு முழி.

"என்னங்க ஆச்சு?"

"இடிக்குது."

"அது தெரியுது. ஏன் இடிக்குது?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் பெண்டாட்டியிடமும் அம்மாவிடமும் ஒரே நேரத்தில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

மூன்று வாரமாக இந்தக் குடும்பம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்றே தேய்ந்துபோன நம் நர்ஸம்மாவுக்கு, மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கிறவளுக்கு வேலை போய்விடும். பஸ் மலையடிவாரத்தோடு திரும்பிவிடும். அதற்கு மேலே பதினோரு கிலோமீட்டர், பாதை என்று பேருக்குத்தான். எங்கே பார்த்தாலும் பாறை, நடுவில் இரண்டு ஓடை. 'சொந்த வண்டி இருக்கிறது, அதில் வந்துபோவேன்' என்று எழுதிக் கொடுத்துத்தான் அவள் அந்த வேலையை வாங்கினாள்.

சொந்த வண்டி என்பது மாமனார் விட்டுவிட்டுப் போன ஜீப். முப்பது வயது. ஸ்பிரிங் எல்லாம் சோர்ந்து, கொஞ்சம் பெரிய கல்லைப் பார்த்தாலே வயிறு தட்டும். வேறு வண்டி வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. "இதையே உசத்திட்டாப் போச்சு" என்று ஆரம்பித்தான் லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரன். காயலான் கடையில் கிடந்த வேனிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டைகள், பட்டறையில் தானே கடைந்த இணைப்புகள், பழசைக் கொடுத்துப் பழசாகவே வாங்கிய பெரிய டயர்கள். மூன்று வாரம், வேலை முடிந்த சாயங்காலமெல்லாம், வண்டியை ஷெட்டுக்குள்ளேயே ஜாக்கியில் நிறுத்தி, ஐந்து அங்குலம் உயர்த்திவிட்டான்.

அதற்கு அண்ணனைத்தான் பறிகொடுக்க வேண்டி வந்தது. அண்ணன் லாரிக்காரர். "அப்பா வண்டியில கை வெச்சேன்னா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் மூன்று வாரமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. வண்டியை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கிற நாள்.

"ஏங்க, ஸ்பிரிங்கை அளந்தீங்க, டயரை அளந்தீங்க, நட்டு போல்ட்டைக்கூட அளந்தீங்க" என்றாள் நர்ஸம்மா மெதுவாக. "இந்த வாசலை அளந்தீங்களா?"

லேத்துக்காரன் இன்ஜினை அணைத்தான். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்து அளக்கிற வெர்னியர் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிற ஆள் அவன். உள்ளே விட்டபோது வண்டிக்கும் பீமுக்கும் நடுவே ஒரு கை போகும் அளவு இடம் இருந்ததே, அந்த நினைப்பில் இருந்துவிட்டான்.

"நல்லா வயித்துக்குள்ளயே வெச்சு வளர்த்துட்டு, இப்ப வாசல் சின்னதுங்கிறான்" என்றார் மாமியார்.

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ பிரசவம் பார்த்த கை அவளுடையது. "அத்தை, இது நம்ம கேஸுதான். ஆபரேஷன் இல்லாம வெளிய எடுக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

சொல்வது சுலபம்.

முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார்கள். வண்டி இரண்டு விரல் தாழ்ந்தது. அதற்கு மேல் இறக்கினால் பழைய டயர் கிழிந்துவிடும். போதவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் வாங்கிச் சாக்கில் கட்டி, பின்னால் நான்கு மூட்டை ஏற்றினார்கள். பின்பக்கம் அழகாகத் தாழ்ந்தது. ஆனால் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டது. சரி என்று முன் சீட்டில் இரண்டு மூட்டையை வைத்தார்கள். மாமியார் தானாகவே ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். லேத்துக்காரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். நர்ஸம்மா வாசலோரம் நாற்காலி போட்டு ஏறி, பீமுக்கும் கூரைக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றான் அவன்.

"ஒரு விரல்."

"கூடவா, குறைச்சலா?"

"கூட இருந்தா நான் ஏன் இந்த மூஞ்சியோட சொல்றேன்? ஒரு விரல் இடிக்கும்."

முன் சீட்டில் மூன்றாவது மூட்டை நிற்கவில்லை. சரிந்து கியர் மேல் விழுந்தது. பீமை உடைக்கலாமா என்றால், அதன் மேல்தான் மாமியாரின் அறை நிற்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி இறக்கலாமா என்றால், திரும்ப மாட்டுவதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். தரையை வெட்டித் தாழ்த்தலாம்தான். அதுவும் ஒருநாள் வேலை இல்லை, அரையடிக் கான்கிரீட்.

லேத்துக்காரன் கீழே இறங்கினான். சுவரோரம் கிடந்த, தகரம் அறுக்கிற கிரைண்டரை எடுத்தான். வயரைச் செருகினான்.

"எதுக்கு இது?"

"கூரைய அறுத்துடறேன். அரை மணி நேர வேலை."

"மலையில மழை பெஞ்சா?"

"தார்ப்பாய் கட்டிக்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். அந்தக் கூரை, அவன் அப்பா ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து தகரம் வளைத்து, தன் கையால் ரிவிட் அடித்துப் போட்டது. அண்ணன் குதித்ததே அப்பா கைபட்ட வண்டி என்பதற்காகத்தான். கூரையையும் அறுத்துவிட்டால், அதோடு அண்ணன் தம்பி உறவும் அறுந்த மாதிரிதான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவளுடைய வேலைக்காக அறுக்கத் துணிந்துவிட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. இந்த மனுஷனைத் திட்டக்கூட முடியவில்லையே!

"பொறுங்க" என்றாள். "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள நான் வரலைன்னா அறுத்துக்கோங்க."

"எங்க போறே?"

"கனமா ஒரு சாமான் எடுத்துட்டு வர."

வண்டிக்குள்ளிருந்து மாமியார் தலையை நீட்டினார். எந்தச் சாமான் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆமாம்மா, இந்தச் சுத்துவட்டாரத்துல அவ்வளவு எடை அவனுக்குத்தான் இருக்கு. போ, போ."

லாரிகள் நிற்கிற கொட்டகை, கடைசித் தெருவைத் தாண்டி இருந்தது. நர்ஸம்மா ஸ்கூட்டரில் அங்கே போய் நின்றாள். லாரிக்காரர் தன் லாரியின் நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் இருக்கிறது என்று நாம்தான் நம்பிக்கொள்ள வேண்டும், வெளியே தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு. மனசும் அதே அளவுதான். கோபம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"வாம்மா" என்றார். பேப்பரை மடித்தார். "அம்மாவுக்கு உடம்பு நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்காங்க மாமா. ஜீப்புக்குள்ள உக்காந்திருக்காங்க."

"ஜீப்புன்னா என்கிட்ட பேசாதே."

"பேசல. நீங்க சாப்பிட்டீங்களா?"

லாரிக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டு வருஷமாக இவள் அவரைக் கேட்டதெல்லாம் 'ஏன் சாப்பிட்டீங்க' என்றுதான். எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, விடிந்ததும் நட என்று மாசத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். எல்லாச் சீட்டையும் அவர் லாரியில் கண்ணாடிக்கு மேலே பத்திரமாகச் செருகி வைத்திருக்கிறார். படித்ததில்லை.

"இன்னிக்கு என்ன, திடீர்னு அக்கறை?"

சுற்றி வளைக்க நேரமில்லை. அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது, காற்றை இறக்கினது, மூட்டை ஏற்றினது, அந்த ஒரு விரல். லாரிக்காரர் கேட்கக் கேட்க அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "வாசலை அளக்கலையா? அவனா? அந்த வெர்னியர் பயலா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அதனால உங்க வெயிட் வேணும் மாமா."

சிரிப்பு நின்றது. "ஓகோ. ஆளு வேண்டாம், வெயிட்டு மட்டும் வேணுமா? நான் என்ன மண்மூட்டையா? ரெண்டு வருஷமா குறை குறைன்னு என் உயிரை வாங்கினியே, நான் உன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு என்ன பண்ணியிருப்பே?"

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கைதான்."

"வரமாட்டேன் போ. சொன்னா சொன்னதுதான்."

"சரி மாமா." அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். "நான் கிளம்பறேன். அவரு கையில கிரைண்டரோட நிக்கிறாரு. கூரைய அறுக்கப் போறாரு."

ஸ்டூல் பின்னால் உருண்டு விழுந்தது.

"எந்தக் கூரைய? அப்பா போட்ட கூரையவா? அவன் கைய முறிச்சுப் போடறேன். எட்றா ஸ்கூட்டரை... எடும்மா!"

கோபத்தில் தம்பி பெண்டாட்டியையே 'டா' போட்டுவிட்டதை நினைத்து அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் லாரியைப் பூட்டிச் சாவியை எடுக்கிற நேரத்தில், நர்ஸம்மாவின் கண் தற்செயலாக லாரியின் முன்சக்கரத்தில் விழுந்தது. சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. நேற்றுக் கட்டிய வலை இல்லை, தூசி படிந்த வலை. வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுகிற லாரி.

"லோடு இல்லையா மாமா?"

"ம்" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "நீ ஓட்டு."

அவர் பின்னால் ஏறியதும் ஸ்கூட்டர் ஒரு தடவை முனகியது. வழியெல்லாம் அதன் மூக்கு மேலேயே இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லாரிக்காரர் படியைப் பார்த்து நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு நேராக ஷெட் கேட்டுக்கு நடந்தார். "நான் ஷெட்டுக்குத்தான் வந்திருக்கேன். வீட்டுக்கு வரல. அதை எல்லாரும் நல்லாத் தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சுக்கிட்டோம்டா, வா" என்றார் மாமியார் ஜீப்புக்குள்ளிருந்து.

தம்பி கிரைண்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை. தம்பியும் அண்ணனைப் பார்க்கவில்லை. இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அது முழுசாக இருந்தது.

லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் ஏறுவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கோபமாக இருந்தாலும் பழக்கம் விடாது. அவர் சுற்றினார். மூச்சு வாங்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"யம்மா" என்று நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "உன் வீட்டுக்காரன்கிட்ட கேளு. பிரேக் ஹோஸை மாத்தினானா?"

"மாத்தினீங்களா?"

தம்பி விழித்தான். "எந்த ஹோஸ்?"

"சக்கரத்துக்குப் போற ரப்பர் குழாய்னு சொல்லு. வண்டிய அஞ்சு அங்குலம் தூக்கினவன், குழாயை அஞ்சு அங்குலம் நீட்டினானான்னு கேளு. வந்து பாக்கச் சொல்லு. இவ்வளவு வெயிட் ஏத்தியும் முறுக்கிக் கட்டின கயிறு மாதிரி நிக்குது. மலையில ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்கினாப் போதும், பட்டுன்னு பிச்சுக்கும். அப்புறம் எறக்கத்துல பிரேக் எங்கேன்னு இவ தேடணும்!"

லேத்துக்காரன் தரையில் படுத்துப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாவற்றையும் தன் கையால் மாட்டியவன், புதுசாக வாங்கிப் போட வேண்டிய அந்த ஒரே ஒரு பொருளை மறந்திருந்தான். திங்கட்கிழமை இவள் அந்த இறக்கத்தில்... அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் தோளில் கைவைத்து அழுத்தினாள்.

"முதல்ல வெளிய வரட்டும்" என்றார் லாரிக்காரர், கொஞ்சம் தணிந்து. "சமதரையில ஊர்ந்து போறதுக்கு இது தாங்கும். அதுக்கு மேல ஒரு அடி ஓடக்கூடாது."

"அண்ணனையே ஓட்டச் சொல்லு" என்றான் தம்பி அவளிடம். "என்னைவிட அவருக்குத்தான் கை நிதானம்."

"நான் ஸ்டியரிங் தொடமாட்டேன்" என்றார் லாரிக்காரர் வெடுக்கென்று. "அவனே ஓட்டட்டும்."

கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு தம்பி ஏறினான். நர்ஸம்மாவுக்கு மட்டும் அந்தச் சிலந்தி வலை ஒரு நொடி கண்ணில் வந்து போனது.

முன் சீட்டு மூட்டைகளை நகர்த்திவிட்டு லாரிக்காரரை ஏற்றினார்கள். ஒரு மூட்டை காலடியில், ஒரு மூட்டை மடியில். ஜீப் முன்பக்கம் 'ம்ம்' என்று அமுங்கியது. நர்ஸம்மா நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். பீமுக்கும் கூரைக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது.

"வெளிச்சம் தெரியுது! வாங்க, வாங்க... மெதுவா!"

வண்டி ஊர்ந்தது. முன்கூரை பீமைத் தாண்டியது. முன் சீட்டு தாண்டியது. பாதி வண்டி வெளியே வந்துவிட்டது. லாரிக்காரர் மடி மூட்டையை வெளியே தள்ளிவிட்டு, "அப்பாடா, வேலை முடிஞ்சுது" என்று ஒரு காலைக் கீழே வைக்கப் போனார்.

"அண்ணே, எறங்காதே!"

தம்பி கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். மூன்று வாரத்தில் அண்ணனிடம் அவன் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் இறங்கினால் வண்டி எழும்பும், எழும்பினால் நடுக்கூரை பீமில் சிக்கிக்கொள்ளும். லாரிக்காரருக்கும் அது புரிந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கூரை மேல பின்னாடி சாமான் கட்டற கேரியர் கம்பி இருக்கு மாமா!" என்று நாற்காலியிலிருந்து கத்தினாள் நர்ஸம்மா. "அது கூரையவிட உசரம். இடிக்கும்!"

"அப்ப என்னடா பண்றது?"

"பின்னாடி போ. எறங்காம உள்ளுக்குள்ளயே போ."

"இந்தச் சந்துலயா? நான் என்ன பூனையா?"

"போண்ணே, ப்ளீஸ்."

போனார். இரண்டு சீட்டுக்கும் நடுவே தலை போயிற்று, தோள் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மாமியார் மணல்மூட்டை மேல் உட்கார்ந்தபடி மகனின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். லேத்துக்காரன் ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பி, தோளைக் கொடுத்து அண்ணனின் பின்பக்கத்தைத் தள்ளினான்.

"அங்க தள்ளாதடா, கூசுது!"

"வேற எங்க தள்ளறது? எங்க பார்த்தாலும் அதுவாத்தான் இருக்கு!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாமியார்தான் என்று நர்ஸம்மா பிற்பாடு சாதித்தாள். ஜீப்பே குலுங்கியது. சிரித்ததில் மூச்சு வெளியே போய் வயிறு சுருங்க, லாரிக்காரர் 'தொப்'பென்று அம்மாவின் மடியில் போய் விழுந்தார். பின்பக்கம் சட்டென்று தாழ்ந்தது.

"இப்ப! இப்ப எடுங்க!"

வண்டி முழுசாக வெளியே வந்தது. கேரியர் கம்பியில் மட்டும் ஒரு கீறல்.

எல்லாரும் இறங்க இறங்க ஜீப் எழும்பி நின்றது. வெயிலில் பார்த்தபோதுதான் அது எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. ஒரு சின்னப் பாறையே அடியில் உருண்டு போய்விடும் போலிருந்தது. லாரிக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஸ்பிரிங் வேலை சுத்தமா இருக்கு" என்று ஜீப்பிடம் சொன்னார். தம்பிக்குக் காது சிவந்தது.

பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் ஹோஸ் தேடிப் போனார்கள். லேத்தில் ரப்பரைக் கடைய முடியாதே! கேட்ட நீளத்துக்குச் செய்து கொடுக்கிற ஆள் ஒருத்தரை லாரிக்காரருக்குத் தெரியும். மூன்று மணிக்குத் திரும்பி வந்து வேலையில் இறங்கினார்கள். குழாயில் காற்று நிற்கக்கூடாது என்பதற்காக, ஒருத்தர் மேலே பெடலை அமுக்க, இன்னொருத்தர் அடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தி இறுக்க வேண்டும். அடுக்களை வரைக்கும் அவர்கள் குரல் கேட்டது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி... பிடி... விடு."

ஒரு மணி நேரம் இதே பேச்சுத்தான். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "எவ்வளவு நல்லாப் பேசிக்கிறாங்க பாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீ கொண்டுபோன நர்ஸம்மா ஒன்றைக் கவனித்தாள். அடியில் படுத்திருந்தது ஒல்லியான தம்பி இல்லை, அவ்வளவு பெரிய அண்ணன். "உசத்தினதுல ஒரு நல்லது, என் வயிறு உள்ள போகுது" என்று சிரித்தாரே தவிர, டிரைவர் சீட்டில் ஏறி உட்காரவில்லை. ஒரு தடவைகூட.

சாயங்காலம் வண்டியைத் திரும்ப ரிவர்ஸில் ஷெட்டுக்குள் விட வேண்டும். இரவில் அந்தத் தெருவில் நிறுத்தினால் இன்னொரு வண்டி போக இடமில்லை. டயரில் காற்றை இறக்கி, மாமியாரை ஏற்றி, லாரிக்காரரை முதலில் பின்னால் உட்காரவைத்து, பாதி உள்ளே போனதும் முன்னால் இழுத்து, மறுபடியும் அதே கூத்து. இந்தத் தடவை கொஞ்சம் பழகியிருந்தது.

"திங்கக்கிழமை வெளிய எடுக்கவும் நான் வரணுமா?" என்றார் லாரிக்காரர், மூச்சு வாங்க.

"வந்தா என்ன, குறைஞ்சா போயிடுவே?" என்றார் மாமியார்.

"குறையக் கூடாது" என்றாள் நர்ஸம்மா அவசரமாக. எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் வீண்.

லாரிக்காரரின் இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. "சோப்பு எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஷெட்டிலிருந்து நடந்தார். வாசல், படி, கூடம், குளியலறை. பேசிக்கொண்டே போய்விட்டார். தம்பி வாயைத் திறந்தான். மாமியார் விரலை உதட்டில் வைத்து அவனை அடக்கினார். மூன்று பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

துண்டைக் கொடுக்கிற சாக்கில் நர்ஸம்மா மட்டும் பின்னாலேயே போனாள்.

"மாமா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. லாரிச் சக்கரத்துல வலை கட்டியிருக்கு. இன்னிக்கு முழுக்க நீங்க ஸ்டியரிங்கைத் தொடல. என்ன ஆச்சு?"

லாரிக்காரர் குழாயை மூடவில்லை. தண்ணீர் கறுப்பாகப் போய், சாம்பலாகப் போய், தெளிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்புக்காகத்தான் நான் கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு அவன் நினைக்கிறான்" என்றார் கடைசியில். "அப்படியே நினைச்சுக்கட்டும். திங்கக்கிழமை உன்கூட மலைக்கு வரேன், பக்கத்து சீட்டுல. அப்பச் சொல்றேன். அதுவரைக்கும் அவன் காதுக்குப் போகக் கூடாது."

"சரி மாமா."

"அம்மா காதுக்கும்."

அவள் தலையாட்டினாள். அவர் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டு துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் துடைத்தார்.

அவள் ஷெட்டுக்குத் திரும்பி வந்தபோது, லேத்துக்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் இரண்டு நீளக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். காதில் பென்சில். கையில் டேப்பு.

"என்ன இது?"

"இந்தத் தடவை அளந்துட்டேன்" என்றான் பெருமையாக. "சக்கரம் போற இடத்துல மட்டும் நாலு அங்குலம் வெட்டி எறக்கிட்டாப் போதும். நாளைக்கே ஆரம்பிச்சு, மிச்சத்தை அடுத்த வாரம் முடிச்சுடுவேன். அப்புறம் காத்தும் எறக்க வேண்டாம், மூட்டையும் வேண்டாம். யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம், வண்டி தன்னால போய்த் தன்னால வரும்."

கூடத்திலிருந்து லாரிக்காரர் குரல் கேட்டது. டீயில் சர்க்கரை இல்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு செருப்புக் காலால் ஒரு கோட்டை அழித்தாள். நடந்துபோய் இன்னொரு கோட்டையும் அழித்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"தரையில கை வெச்சீங்க, நான் மலைக்கே போகமாட்டேன்."

"அப்படின்னா தினமும் அண்ணனைக் கூப்பிட வேண்டியிருக்குமே?"

"ஆமா" என்றாள் அவள். "தினமும் கூப்பிடணும்."